கடல் தாண்டினால் நாடு தாண்டியதாகுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். 2000-இல், எனக்கு ஏழு வயதில், அப்பாவின் எச்1பி விசாவில் குடும்பமாக அமெரிக்கா வந்தோம். 2002-இல் அப்பாவின் கம்பெனி மூடியதும் எல்லோருடைய விசாவும் போய்விட்டது. 2011 ஜனவரியில் எனக்கு 18 வயதானது. 2013 ஜனவரியில் டாகா (சிறுவயதில் வந்தவர்களின் நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு) கிடைத்தது. இதுவரை தவறாமல் புதுப்பித்து வருகிறேன். இப்போதுள்ள கார்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கல்லூரித் தோழிக்குப் போர்ட்டோ ரிகோவில், சான் ஹுவானில் கல்யாணம். அது முடிந்ததும் எல்லோரும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் போய் நான்கு நாள் தங்கி, படகில் தீவுகளைச் சுற்றுவதாகத் திட்டம். "கடல் தாண்டிப் போகாதே, திரும்ப விட மாட்டார்கள்" என்கிறார் அம்மா. அப்பா அம்மாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் அவர்களிடம் எந்தப் பேப்பரும் இல்லை. தம்பி 2003-இல் இங்கேயே பிறந்தவன். நாங்கள் போகலாமா? நாட்டை விட்டுப் போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதியான அட்வான்ஸ் பரோல் எனக்கு வேண்டுமா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சான் ஹுவான் கல்யாணத்துக்குப் போகலாம், அதற்கு அட்வான்ஸ் பரோல் தேவையில்லை. செயின்ட் தாமஸை இந்த முறை விட்டுவிடுங்கள். அப்பா அம்மா இரண்டுக்குமே போக வேண்டாம்.

குடியேற்றச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு 'அமெரிக்கா' என்றால் எந்த நிலப்பரப்பு என்று வரையறுக்கிறது. பெருநிலத்து மாநிலங்களோடு அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிகோ, குவாம், அமெரிக்க வெர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே நேவார்க்கிலிருந்து சான் ஹுவானுக்குப் பறப்பது, சட்டத்தின் கண்ணில், சிகாகோவுக்குப் பறப்பது போலத்தான். நீங்கள் நாட்டை விட்டு வெளியேறவில்லை, அதனால் டாகா முறியாது. அமெரிக்கன் சமோவா மட்டும் அந்த வரையறையில் இல்லை. அங்கே போவதை வெளிநாடு போவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். போவதில் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான் இருக்கிறது. அதே சட்டத்தின் 212-ஆம் பிரிவுக்குள் ஒரு சிறு பத்தி இருக்கிறது. போர்ட்டோ ரிகோ, குவாம், வெர்ஜின் தீவுகள், வட மரியானா ஆகிய இடங்களிலிருந்து பெருநிலத்துக்கு வரும் வெளிநாட்டவரை, புதிதாக நாட்டுக்குள் நுழைகிறவரைப் போல நிறுத்தி விசாரிக்க எல்லை அதிகாரிகளுக்கு அது அதிகாரம் தருகிறது. ஹவாய் இந்தப் பட்டியலில் கிடையாது, அது மாநிலம்.

இந்த அதிகாரம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடைமுறைக்கு வருகிறது. சான் ஹுவான் விமான நிலையத்தில் எல்லோரையும் கட்டாயம் நிறுத்துவது விவசாயத் துறையின் எக்ஸ்ரே. செக்-இன் செய்யும் முன்பே பையைப் போட்டு, பழம், செடி இல்லை என்று பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். எல்லை அதிகாரிகளும் அங்கே உண்டு, அவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் உள்நாட்டு விமானத்துக்கு வழக்கமாக வரிசை வைத்து விசாரிப்பதில்லை.

செயின்ட் தாமஸ் அப்படியில்லை. வெர்ஜின் தீவுகள் அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பவை. பெட்டியை ஒப்படைத்த பின், பாதுகாப்புச் சோதனைக்கு முன், நியூயார்க்குக்கோ மயாமிக்கோ போகிற ஒவ்வொருவரும் எல்லை அதிகாரியின் மேசையைக் கடந்தே ஆக வேண்டும். என்ன வாங்கினீர்கள் என்று கேட்பார், அதோடு "அமெரிக்கக் குடிமகளா?" என்றும் கேட்பார்.

இந்தக் கேள்வியை நீங்கள் மனதில் ஆணி அடித்தாற்போல வைத்துக்கொள்ள வேண்டும். வரிசை நீளம், வெயில், பின்னால் தோழிகள் நிற்கிறார்கள். முன்னால் போன நான்கு பேரும் "யெஸ்" சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஏழு வயதிலிருந்து இங்கே வளர்ந்த பெண்ணுக்கு வாயில் தானாக வருவதும் அந்த "யெஸ்"தான். அந்த ஒரு சொல் 'குடிமகள் என்று பொய்யாகக் கோரியது' ஆகிவிடும். அதற்குத் தண்டனை கிரீன் கார்டுக்கு வாழ்நாள் தடை. நாளைக்கு ஒரு அமெரிக்கரைத் திருமணம் செய்துகொண்டாலும் அந்தத் தடைக்கு மன்னிப்பு மனு கிடையாது. விசா காலம் தாண்டித் தங்கியதற்கு வழி தேடலாம், இதற்குத் தேட முடியாது. எந்த ஊரில், யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இல்லை, எனக்கு டாகா இருக்கிறது." அதற்குமேல் கேட்டால் வக்கீலோடு பேச வேண்டும் என்று சொல்லலாம். பொய் மட்டும் கூடாது.

செயின்ட் தாமஸை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணம் அந்தப் படகு. அமெரிக்க வெர்ஜின் தீவுகளும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. செயின்ட் தாமஸுக்குப் பக்கத்து அமெரிக்கத் தீவான செயின்ட் ஜானின் வடகரையில் நின்றால் எதிரே பிரிட்டிஷ் தீவுகள் தெரியும். அங்கே நிற்கும்போதே போன் பிரிட்டிஷ் டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பிவிடும். போன் எல்லை தாண்டினால் ஒன்றுமில்லை, நீங்கள் தாண்டக் கூடாது. செயின்ட் தாமஸில் விற்கும் ஒருநாள் படகுச் சுற்றுலாக்களில் பல, மதியச் சாப்பாட்டுக்கு யோஸ்ட் வான் டைக் தீவிலோ, வெர்ஜின் கோர்டா பாறைக் கடற்கரையிலோ கொண்டுபோய் நிறுத்தும். இரண்டுமே பிரிட்டிஷ் மண். அங்கே கால் வைத்தால் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியவர். அட்வான்ஸ் பரோல் இல்லாமல் வெளியேறினால் டாகா போய்விடும். உங்கள் விஷயத்தில் அது மட்டுமில்லை. 18 வயதானதிலிருந்து டாகா கிடைக்கும் வரை இரண்டு வருடம் சட்டவிரோதத் தங்கல் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு வருடத்தைத் தாண்டினாலே, வெளியே போன நாளிலிருந்து பத்து ஆண்டு உள்ளே வர முடியாது. ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பத்து வருடம்!

சான் ஹுவானிலிருந்து கிளம்பும் கப்பல் பயணங்களும் இதே கதைதான், அவை வெளிநாட்டுத் துறைமுகங்களைத் தொட்டு வருபவை. விமான டிக்கெட்டிலும் கவனம் வேண்டும். நேவார்க்கிலிருந்து நேரடி விமானமே எடுங்கள். விலை குறைவு என்று சான்டோ டொமிங்கோ வழியாகவோ பனாமா வழியாகவோ மாறிப் போகும் டிக்கெட் வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். விமானம் வேறு நாட்டில் இறங்க நேர்ந்தால், நான் விரும்பிப் போகவில்லை என்று வாதாட இடம் உண்டுதான். ஆனால் அந்த வாதத்துக்குத் தேவையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. கல்யாணத் தேதி அந்த மாதங்களில் என்றால், கிளம்பும் முன் வானிலையைப் பாருங்கள்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று அட்வான்ஸ் பரோல் வாங்கி வைக்கலாமே என்று தோன்றும். டாகா உள்ளவர்களுக்கு அது படிப்பு, வேலை, மனிதாபிமானக் காரணம் ஆகிய மூன்றுக்கு மட்டும்தான். தோழி கல்யாணம் அதில் வராது. வேறு காரணம் எழுதி விண்ணப்பிப்பது பொய் மனு ஆகிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்? செல்லுபடியாகும் ஒர்க் பெர்மிட் கார்டு, டாகா அங்கீகாரக் கடிதம், விமானம் ஏற அடையாளமாக ஏற்கப்படும் 'ரியல் ஐடி' ஓட்டுநர் உரிமம். மூன்றையும் போட்டோ எடுத்து தம்பியிடமும் ஒரு வக்கீலிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். கார்டு முடியும் தேதிக்கு 150 முதல் 120 நாள் முன்பு புதுப்பிக்க மனு போட வேண்டும். மனு போட்டதால் மட்டும் பழைய கார்டு தானாக நீளாது. எனவே ஏழு மாதம் இருக்கும் இப்போதே போய் வந்துவிடுவது சரி, கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். டிபிஎஸ் (போர், பேரிடர் போன்றவற்றால் திரும்ப முடியாத நாட்டவருக்கான தற்காலிகப் பாதுகாப்பு) உள்ள வாசகர்களுக்கும் இந்தத் தீவுக் கணக்கு இதேதான். தங்கள் நாட்டுக்கான டிபிஎஸ் இன்று அமலில் இருக்கிறதா என்று அவர்கள் கிளம்பும் வாரத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ விமான நிலையத்தில், உள்நாட்டு விமானம் ஏற வந்த டாகா பெண் ஒருவரைப் பிடித்து வாரக்கணக்கில் காவலில் வைத்தார்கள். டாகா ஒரு விசா இல்லை, நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. உங்கள் பெயரில் பழைய நாடுகடத்தல் உத்தரவோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற கைதோ இருந்தால், சான் ஹுவானுக்கும் போக வேண்டாம் என்பேன். அப்படி எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் மேலே போகலாம் என்று சொன்னேன்.

அப்பா அம்மா விஷயம் வேறு. உங்களுக்கு இருக்கும் அந்த மெல்லிய கவசம்கூட அவர்களுக்கு இல்லை. ஓர் அதிகாரி கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றிய வரிதான் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது. தம்பி 2003-இல் பிறந்தவன் என்றால் அவனுக்கு 21 வயது முடிந்துவிட்டது. அவன் குடிமகன், பெற்றோருக்காக மனு போடலாம். அவர்கள் முறைப்படி விசாவில், அதிகாரி முன் நின்று நுழைந்தவர்கள். அதனால் இத்தனை ஆண்டு காலம் தாண்டித் தங்கியிருந்தாலும், நாட்டை விட்டு வெளியே போகாமலே இங்கிருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஒரு முறை வெளியே போனால் அந்த வழி பத்தாண்டுத் தடையில் அடைபட்டுவிடும். நுழைந்தபோது கொடுத்த ஐ-94 சீட்டு, அன்றைய பாஸ்போர்ட், தம்பியின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் தேடி எடுத்துக்கொண்டு, மனு போடும் முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் முழு வரலாற்றையும் காட்டுங்கள்.

தோழிகள் செயின்ட் தாமஸுக்குக் கிளம்பும் அன்று, விரும்பினால் நீங்கள் போர்ட்டோ ரிகோவின் செய்பா ஊரிலிருந்து படகு பிடித்துக் குலேப்ரா தீவுக்குப் போகலாம். ஃபிளமென்கோ கடற்கரை அங்கேதான் இருக்கிறது. குலேப்ரா போர்ட்டோ ரிகோவைச் சேர்ந்தது, நடுவில் எந்த எல்லையும் இல்லை.