வேறு கம்பெனி மை ஊற்றியதும் கறுப்பு எழுத்து கலைகிறதா?

கறுப்பை மட்டும் பிரிண்டர் கம்பெனியின் சொந்த மைக்கு மாற்றுங்கள். கலர் மூன்றும் அப்படியே இருக்கட்டும். வேறு கம்பெனி மையை டேங்க்கில் ஊற்றியதிலிருந்து ஈரம் பட்டால் கறுப்பு எழுத்து கலைகிறது, கலரில் குறையில்லை என்கிறீர்கள். பிரிண்டர் கெட்டதற்கான அறிகுறி அதில் இல்லை.

பெரும்பாலும் மையின் வகைதான் மாறியிருக்கும். டை மையில் சாயம் முழுக்கக் கரைந்திருக்கும். பிக்மென்ட் மையில் நுண்ணிய நிறத்துகள்கள் மிதக்கும். துகள்கள் காகிதத்தின் மேலேயே தங்குவதால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். பல இன்க்ஜெட்களில் கறுப்பு பிக்மென்ட், கலர் டை. பாட்டிலில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

சோதிக்க: மை மாற்றும் முன் அச்சடித்த தாள் ஒன்று, இப்போது அச்சடித்தது ஒன்று. புதியதை ஒரு மணி நேரம் காயவிட்டு இரண்டிலும் ஈர விரலால் தேயுங்கள். புதியது மட்டும் கரைந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டுமே கரைந்தால் நான் சொன்ன காரணம் தவறு; காகிதத்தை மாற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது மிச்சத்தின் மேலேயே ஊற்றாதீர்கள். இரு வகையும் கலந்தால் கட்டிதட்டி ஹெட் (தாளில் மை தெளிக்கும் பகுதி) அடைக்கலாம். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு ஊற்றுங்கள். குழாயில் உள்ளது தீரப் பல பக்கங்கள் ஆகலாம், அதுவரை பொறுங்கள். சும்மா ஹெட் கிளீனிங் ஓட்டிக்கொண்டே இருந்தால் மைதான் வீணாகும்.

அப்புறம், வாரண்டி இருந்தால் வேறு மை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படித்துவிடுங்கள்.