ஹொக்கி ஜி.எம். ஆகப்போகிறேன் என்கிற மகளும் கரீபியன் மெடிசினும்

தங்கச்சி, போன கிழமை நீங்கள் வந்து கதிரையில் இருந்ததுமே சொன்ன முதல் வார்த்தை "பிள்ளைக்கு ஏதோ பிடிச்சிட்டுது அக்கா" என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியலில் தொண்ணூறுக்கு மேல் எடுக்கிற பிள்ளை, திடீரென்று லைஃப் சயன்ஸ் வேண்டாம், ஐஸ் ஹொக்கி அணியொன்றுக்கு ஜெனரல் மனேஜராக, ஜி.எம். ஆக வரப்போகிறேன் என்கிறாள், அவளுக்கு ஒழுங்காக ஸ்கேட் பண்ணக்கூடத் தெரியாதே என்று அழுதீர்கள். லண்டனில் இருக்கிற உங்கள் பெரியண்ணை "பொம்பிளைப் பிள்ளைக்கு ஹொக்கியோ" என்று சிரித்துவிட்டு, இங்கே மெடிசின் கிடைக்காவிட்டால் கரீபியனுக்கு அனுப்பு என்றாராம். வீட்டை ஈடு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் கணவர் வங்கியில் கேட்டும் வைத்திருக்கிறார். அன்றைக்கு உங்களை ஆறுதல்படுத்தி அனுப்பியது போதாது என்று இரவு முழுக்க யோசித்தேன், அதுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசுக் கதை. பெயர்பெற்ற கரீபியன் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே மொத்தமாக இரண்டு லட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும். படித்து முடித்துக் கனடாவுக்குத் திரும்பினால் பயிற்சி இடத்துக்கு வெளிநாட்டுப் பட்டதாரிகளின் வரிசையில் நிற்கவேண்டும், அந்த இடங்கள் மிகக் குறைவு. மருத்துவத்தில் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை என்றாலே இதை நூறு தரம் யோசிக்கச் சொல்வேன். உங்கள் மகள் உயிரியலில் புள்ளி எடுக்கிறாள், ஆனால் அதைப் பற்றி ஒரு வசனம்கூடத் தானாகப் பேசவில்லை, நீங்களும் பார்த்தீர்கள். அந்த வீட்டை இருபது வருடம் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்து கட்டியவர் நீங்கள். லண்டனில் இருந்து ஆலோசனை சொல்கிறவர் மோட்கேஜ் கட்டப்போவதில்லை. வீட்டை ஈடு வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இனி ஹொக்கி. ஜெனரல் மனேஜர் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆட்டத்தை நடத்துவது பயிற்சியாளர். எந்த ஆட்டக்காரர் அணியில் இருப்பது, அவருக்கு என்ன சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவெடுப்பவர் ஜி.எம். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 32 அணிகள், ஆகவே உலகம் முழுக்க 32 கதிரைகள். அந்தக் கதிரையை நம்பி ஒரு பிள்ளை படிப்பைத் தேர்வு செய்யக்கூடாது, இதை உங்கள் மகளுக்கும் முகத்துக்கு நேரே சொன்னேன், அவள் கோபிக்கவில்லை. ஆனால் அந்த 32 பேருக்கும் பின்னால் அலுவலகம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேதான் உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்குக் காரணம் அவள் எனக்குக் காட்டிய எக்செல் கோப்பு.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டில் அவள் "ஹொக்கி பார்க்கிறாள்" என்று நீங்கள் நினைத்த நேரத்தில் அவள் உண்மையில் செய்தது இதைத்தான். 2004-05 பருவம் முழுக்க முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் சம்பளப் பிரச்சினையில் மோதி ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு வந்தது, சாலரி கேப் என்பார்கள். தொடக்கத்தில் 39 மில்லியன் டொலர், 2025-26 இல் 95.5 மில்லியன். ஆடும் அணியில் 23 பேர், மொத்த ஒப்பந்தங்கள் 50க்கு மேல் போகக்கூடாது, ஒரு தனி ஆளுக்கு உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கமுடியாது, கைமாற்றும்போது ஒரு ஆளின் சம்பளத்தில் பாதிவரை பழைய அணி தாங்கிக்கொள்ளலாம், நீண்ட காலம் காயப்பட்டவருக்கு வேறு கணக்கு. இந்த விதிகளெல்லாம் முதலாளிகளும் சங்கமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐநூறு பக்கத்துக்கு மேல். யாரும் படிக்கலாம், படிப்பவர்கள்தான் குறைவு.

ஒரு உதாரணம். 28 வயது ஆட்டக்காரர் ஒருவருக்கு வருடம் 6 மில்லியன் வீதம் இன்னும் 2 வருடம் ஒப்பந்தம் இருக்கிறது, அணிக்கு அவர் வேண்டாம். ஒப்பந்தத்தை முறித்தால் மிச்சம் 12 மில்லியனில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 மில்லியன் கொடுக்கவேண்டும், அதையும் இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்து 4 வருடம் வருடத்துக்கு 2 மில்லியனாக. ஆள் போய்விட்டார், ஆனால் நாலு வருடமும் உச்சவரம்பில் 2 மில்லியன் அடைபட்டுக் கிடக்கும். அவர் 26 வயதுக்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் மகள் இதைக் கடதாசி பார்க்காமல் எனக்கு விளக்கினாள், பிறகு ஒரு அணியின் அடுத்த மூன்று வருடக் கணக்கைத் திறந்து "இவரை இந்தக் கோடையிலேயே முறிக்கவேண்டும், ஏனென்று பாருங்கோ" என்றாள். தங்கச்சி, பதினேழு வயதுப் பிள்ளை ஒப்பந்தச் சட்டமும் கணக்கும் ஒன்றாக யோசிக்கிறாள். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கிறேன், இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சரி, இதை வைத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களா? நம்முடைய ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸிலேயே துணை ஜி.எம். ஆன பிரண்டன் பிரிதம், என்.எச்.எல். தலைமை அலுவலகத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துப் பதிகிற பிரிவில் இருந்து வந்தவர். டம்பா பே அணியின் ஜி.எம். ஆன ஜூலியன் பிரிஸ்புவா மொன்றியலில் சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர், தொழில்முறையில் ஆடியதே இல்லை, 2020, 2021 இரண்டு வருடமும் அவருடைய அணிதான் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. பெரியண்ணைக்குப் பதில் சொல்லவேண்டும் என்றால் எமிலி கஸ்தோங்கே என்ற பெயரைச் சொல்லுங்கள்: சட்டம் படித்து, ஆட்டக்காரர்களின் முகவராக இருந்து, 2022 இல் வான்கூவர் அணியின் துணை ஜி.எம். ஆனவர். அதே வருடம் சியாற்றிலில் அலெக்சாண்ட்ரா மன்ட்ரிக்கி அதே பதவிக்கு வந்தார், அவர் படித்தது பொறியியல், உள்ளே வந்தது புள்ளிவிவர வழியால். 2024 இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் ரொறன்ரோ அணியின் ஜி.எம். ஒரு பெண்தான், ஜீனா கிங்ஸ்பரி. அப்புறம் எரிக் டல்ஸ்கி, இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கி ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே ஹொக்கிப் புள்ளிவிவரம் எழுதியவர். பக் என்கிற ஹொக்கித் தட்டை முன்னே அடித்துவிட்டுத் துரத்தி ஓடுவதைவிட, கட்டுப்பாட்டோடு கொண்டு எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டினால் கோலை நோக்கிய அடிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று எண்ணிக் காட்டினார். கரோலைனா அணி முதலில் பகுதிநேரமாக எடுத்தது, 2024 இல் அவரே ஜி.எம்.

அதனால் நான் சொல்வது ஸ்காபரோவில் இருக்கிற ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளிவிவரவியல், கோ-ஒப்போடு, அதாவது படிப்புக்கு இடையில் வேலை செய்கிற தவணைகளோடு. வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வரலாம், விடுதிச் செலவு இல்லை, கோ-ஒப் காலத்தில் சம்பளமும் வரும். சென்ற் கத்தரின்ஸில் இருக்கிற புரொக் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு முகாமைத்துவமும் நல்ல படிப்பு, பிற்ஸ்பேர்க் அணியை நடத்துகிற கைல் டூபாஸ் அங்கே படித்தவர்தான். ஆனால் ஹொக்கி கைவிட்டாலும் வங்கியோ காப்புறுதியோ அரசாங்கமோ வேலை தரக்கூடிய பட்டம் முதலில் கையில் இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். சட்டத்துக்கு அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம். இந்த வருடம் உயிரியலைக் கைவிட்டாலும் பரவாயில்லை, கல்குலஸை விடக்கூடாது.

படிக்கிற காலத்திலேயே அவள் உள்ளே நுழையவேண்டும். ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் 20 அணிகள், ஒஷாவா நமக்குப் பக்கத்தில். வீடியோ வெட்டுவது, ஆட்ட நாளில் எண்ணிக்கை எடுப்பது, பயணக் கடதாசிகள் பார்ப்பது என்று சின்ன வேலைகளுக்கு எப்போதும் ஆள் தேவை. டூபாஸ் தன் ஊரான சூ சென்ற் மேரியின் ஜூனியர் அணிக்கு மாணவனாக இருக்கும்போதே திறமையான ஆட்டக்காரர்களைத் தேடும் வேலை பார்த்தவர், பிறகு 25 வயதில் அதே அணிக்கு ஜி.எம். ஆனார்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. முதல் சில வருடம் சம்பளம் சொற்பம், வேலை இரவிலும் வார இறுதியிலும், தெரியாத ஊருக்குக் குளிர்காலத்தில் மாறவேண்டி வரும், அணி தோற்றால் ஜி.எம்.மோடு சேர்த்து அவர் கூட்டிவந்த ஆட்களையும் அனுப்பிவிடுவார்கள். இருபத்தாறு வயதுக்குள் முழுநேர வேலை கிடைக்காவிட்டால் வேறு துறைக்குப் போவேன் என்று அவளே ஒரு எல்லை வைத்திருக்கிறாள், நியாயமான எல்லை. இணையத்தில் ஹொக்கி ஜி.எம். ஆக்குகிறோம் என்று விற்கிற குறுகிய பயிற்சிகளுக்கும், அமெரிக்காவில் பெரிய கட்டணம் வாங்குகிற விளையாட்டு முகாமைத்துவ முதுகலைக்கும் ஒரு டொலர்கூட இப்போது கட்டாதீர்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஜனவரி 15 கடைசி நாள். வருகிற சனிக்கிழமை அவளையும் அவளுடைய அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரியண்ணையின் அழைப்பை அன்று ஒரு மணித்தியாலம் எடுக்காமல் விடுங்கள். அந்த எக்செல் கோப்பை அவள் அப்பாவுக்கு ஒரு தரம் விளக்கட்டும், நான் பக்கத்தில் பேசாமல் இருக்கிறேன்.