நான்கு நோட்டில் ஒரே பக்கம்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 42. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் விஷுவலைசராக இருக்கிறேன். மனைவி தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரே மகள், சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. என் அம்மாவும் எங்களோடுதான்.

எங்கள் சபையில் பல வருடமாக வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். பகுதிநேர வேதாகமப் படிப்பும் முடித்திருக்கிறேன். சிப்காட் வேலைக்காக ஓசூருக்குப் போன எங்கள் சபைக் குடும்பங்கள் ஐந்து, அங்கே ஒரு வீட்டில் கூடி ஜெபித்து வருகின்றன. அங்கே போய் ஒரு சபையைத் தொடங்க வேண்டும் என்ற பாரம் எனக்கு வெகுநாளாக உண்டு. பாஸ்டர் சம்மதித்துவிட்டார். முதல் வருடம் மாதம் 15,000 ரூபாய் சபையிலிருந்து தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வரும் ஜூனில் குடும்பத்தோடு போய்விடலாம் என்று இருக்கிறேன்.

என் சிக்கல் நோட்டுப் புத்தகங்கள். கல்லூரி நாளிலிருந்து சேர்ந்தவை ஏறக்குறைய 80 இருக்கும், பெரும்பாலும் ஏ5. இப்போது ஒரே நேரத்தில் ஐந்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே கலந்து கிடக்கிறது. ஒரே பக்கத்தில் மேலே ஒரு பிஸ்கட் கம்பெனியின் லோகோ கிறுக்கல், கீழே கணவர் குடிப்பதாகச் சொல்லி அழுத ஒரு சகோதரியின் ஜெபக் குறிப்பு, எதிர்ப்பக்கத்தில் லூக்கா 15-க்குப் பிரசங்கக் குறிப்பு. என்றாவது கிளையன்ட் முன்னால் அந்தப் பக்கம் திறந்துவிடுமோ என்று பயம்.

மனதில் கவலை ஏறினால் புது நோட்டு வாங்கிவிடுகிறேன். வாங்கியதும் முதலில் எழுதுவது "ஓசூர் செலவு" என்ற பக்கம்தான். நான்கு நோட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் தலைப்பை அழகாக லெட்டரிங் செய்து. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், அம்மாவின் மாத்திரை எல்லாம் எழுதிவிட்டு, "மனைவி சம்பளம்" என்ற வரியில் கோடு மட்டும் போட்டு விட்டுவிடுகிறேன். அவளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று தெரியாதே. இதுபற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. "உங்களுக்கு அழைப்பு இருந்தா போகலாம்" என்று மட்டும் சொல்வாள். நோட்டுகளை மட்டும் பழைய பேப்பர் கடையில் போடச் சொல்கிறாள். "இல்லேன்னா பாதி லாரிக்கு நோட்டுதான் வரும்" என்கிறாள்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழுத உட்கார்ந்துவிடுகிறேன். மறுநாள் ஆபீஸில் கண் சொருகுகிறது. இது ஏதாவது மனநோயா? எந்த நோட்டை எடுத்துப் போவது, எதை விடுவது? ஊழியத்துக்குப் போனால் எனக்குள் இருக்கும் ஓவியன் செத்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகர், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

நோயா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பொருள் பதுக்கும் கோளாறு என்று மனநல மருத்துவத்தில் சொல்வது, படுக்கவும் சமைக்கவும் இடமில்லாத அளவுக்குச் சாமான் குவிந்து, உதவாததைக்கூட வெளியே போட முடியாமல் தவிக்கும் நிலையை. உங்களிடம் இருப்பது ஓர் அலமாரி. 192 பக்க ஏ5 நோட்டு, 80 ஜிஎஸ்எம் தாள், அட்டையோடு சுமார் 300 கிராம் வரும். 80 நோட்டும் சேர்ந்து 24 கிலோ. இரண்டு அட்டைப்பெட்டிதான், பாதி லாரி அல்ல. உங்கள் மனைவியின் கோபம் நோட்டின் எடையைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய முடிவு, நடு இரவில் எழுதுவது, கடவுளின் அழைப்பு என்ற உணர்வு மூன்றும் ஒன்றாக வரும்போது என்னைப் போல ஆலோசனை சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்போம்: தூக்கம் குறைந்த பிறகும் களைப்பே தெரியாமல் இருக்கிறதா? உங்களுக்கு மறுநாள் கண் சொருகுகிறது. கவலையால் கெடும் தூக்கம் அப்படித்தான் இருக்கும். அப்படியில்லாமல், மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி, சில நாட்கள் தொடர்ந்து அபாரத் தெம்போடு, பேச்சு வேகமெடுத்து, கையில் காசு நிற்காமல் போனால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்த நிலை ஏற்பட்டால் அழைப்பு பொய் என்று அர்த்தமில்லை. முடிவை மட்டும் அந்த வாரங்களில் எடுக்கக் கூடாது.

இப்போது அந்தச் செலவுப் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அங்கேதான். எழுதினால் பாரம் இறங்கும் என்பது பாதி உண்மை. முடிக்காத காரியம் முடித்ததைவிட அதிகம் நினைவில் நிற்கும் என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-இல் எழுதினார்; அதுதான் மனதில் திரும்பத் திரும்ப வந்து தட்டுகிறது. அந்தத் தட்டலை நிறுத்தக் காரியத்தை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று திட்டமாக வகுத்தாலே பெருமளவு அடங்கிவிடும் என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உங்கள் பக்கத்தில் தொகை இருக்கிறது. யார், எப்போது என்பது இல்லை. முக்கியமான வரி ஒன்றை நிரப்ப உங்களால் முடியாது, ஏனென்றால் அதன் விடை இன்னொருவரிடம் இருக்கிறது. அதனால் மனம் அந்தப் பக்கத்தை முடிந்ததாக ஏற்க மறுக்கிறது. நீங்கள் புது நோட்டில் இன்னும் அழகாக எழுதிப் பார்க்கிறீர்கள். வரைகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம்: பக்கம் அழகாக வந்துவிட்டால் வேலை நடந்துவிட்டது போல ஒரு திருப்தி.

ஐந்தாவது முறை எழுதாதீர்கள். இருக்கும் நான்கில் ஒன்றை எடுத்து மனைவி முன் வைத்து, பேனாவை அவர் கையில் கொடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அலுப்பில் வேண்டாம், நைட் டியூட்டி முடிந்து வந்த காலையிலும் வேண்டாம். அவருடைய வார விடுமுறையில், மகளும் அம்மாவும் பக்கத்தில் இல்லாத ஒரு 40 நிமிடம் போதும். பாஸ்டரை உடன் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது. அவர் எதிரில் உங்கள் மனைவியால் "இல்லை" என்று சொல்ல முடியாது. "உங்களுக்கு அழைப்பு இருந்தா போகலாம்" என்பதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். தன்னை யாரும் கேட்கவில்லை என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை சில்லறையான, நேரான கேள்விகள். ஓசூரில் நர்ஸ் வேலையைத் தொடர விருப்பமா? ஷிஃப்ட் எத்தனை வரை தாங்கும்? ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தால் என்ன செய்வது? தமிழ்நாட்டுப் பதிவு ஓசூருக்குப் போதும். சம்பளம் கூடுதல் என்று பெங்களூரு மருத்துவமனைக்குப் போனால் கர்நாடக நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டிவரும், தினமும் எல்லை தாண்டிப் போய்வர வேண்டும். பாஸ்டரம்மாவாகப் பெண்கள் கூட்டம், ஞாயிறு பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று எல்லாம் தன் தலையில் விழும் என்று அவர் நினைக்கிறாரா? விழும் என்றுதான் நான் நினைக்கிறேன். எது அவருடையது, எது அவருடையது இல்லை என்று போவதற்கு முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். "தெரியவில்லை" என்று அவர் எழுதினாலும் அது விடைதான். அதன் பக்கத்தில் விசாரிக்க வேண்டிய ஒரு ஆள், ஒரு தேதி இரண்டையும் எழுதுங்கள்.

ஜூன் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் ஒன்பது படிக்கிறாள். சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும். பத்தில் பள்ளி மாற வேண்டுமானால் வாரியத்தின் அனுமதி வேண்டும், காரணத்துக்குச் சான்று காட்ட வேண்டும். அது கிடைத்தாலும் புது ஊர், புது ஆசிரியர்கள், அதே வருடம் பொதுத்தேர்வு. அவள் பத்து முடிக்கும்வரை நீங்கள் மட்டும் மாதம் இரண்டு வாரக்கடைசிகள் ஓசூர் போய் வாருங்கள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வெள்ளி இரவு கிளம்பினால் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். அந்த ஒரு வருடத்தில் அங்கே கூடுகிறவர்கள் யார், ஷிஃப்ட் வேலையில் யாருக்கு ஞாயிறு ஓய்வு, யாருக்கு இல்லை, கூட்டம் காலையா மாலையா, தெலுங்கும் கன்னடமும் பேசும் அண்டைவீட்டாரிடம் என்ன மொழியில் பேசுவது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கிருந்தபடி நோட்டில் எழுதி இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

பட்ஜெட்டில் வழக்கமாக விட்டுப்போகிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அம்மாவைச் சேர்த்துத் தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று ராஜினாமாவுக்கு முன்பே கேளுங்கள். குடியிருக்க எடுக்கும் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும் என்பதை வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மைக் வேண்டாம். வழிபாட்டுக் கட்டடம் கட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கலாம். காணிக்கைக்கு உங்கள் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தாமல், டிரஸ்ட் பத்திரம் பதிந்து, பான் வாங்கி, தனிக் கணக்கு திறக்கும்வரை தாய்ச் சபையின் கணக்கிலேயே வரவு வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் அன்போடு சபைக்கு அனுப்பும் பணம்கூட வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும், அனுமதியின்றி வாங்கக் கூடாது. முதல் வருடக் காணிக்கையைப் பூஜ்யம் என்றே போட்டுக் கணக்குப் பாருங்கள்.

நோட்டுகளை வகை பிரிக்கும்போது வாசிக்க உட்காராதீர்கள், உட்கார்ந்தால் 80-இல் மூன்றைத் தாண்ட மாட்டீர்கள். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம்: முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு புரட்டல். முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, வரிசை எண்ணும் தொடங்கிய, முடித்த மாதமும் வருடமும் எழுதுங்கள். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், அதை மூன்று மாலையாகப் பிரித்துக்கொள்ளலாம். வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு நிறுவனமே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். வெளிவராத கிளையன்ட் வேலை உள்ள பக்கங்களை நிறுவனத்திடம் கேட்டு ஒப்படையுங்கள் அல்லது கிழித்து அழியுங்கள். பிறர் அந்தரங்கம் உள்ள பக்கங்கள் எந்த நோட்டில் இருந்தாலும் வெட்டியெடுத்துப் பொடிப்பொடியாகக் கிழியுங்கள். பழைய பேப்பர் கடைக்கு அவை போகவே கூடாது. நாளை யாரோ சுண்டல் மடித்துக் கொடுப்பார்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு, ராமபாணப் பூச்சிக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றுங்கள்.

இனி மூன்று நோட்டு போதும். ஒன்று வரைவதற்கும் அன்றாட வேலைக்கும். இரண்டாவது பிரசங்கத்துக்கும் வேத தியானத்துக்கும். இதில் பக்கத்துக்குத் தலைப்பு தேடாமல் குறிப்புக்கு எண் போடுங்கள், முதல் நான்கு பக்கத்தை அட்டவணைக்கு விடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1720-களில் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை இப்படித்தான் எண் போட்டு எழுதி, தனியே ஓர் அட்டவணையும் வைத்திருந்தார். வேண்டியது கையில் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் ஒன்றையே இன்னொரு தடவை எழுதத் தோன்றாது.

மூன்றாவது ஆத்தும பராமரிப்புக்கு, அதாவது கஷ்டத்தைச் சொல்லி வருகிறவர்களைத் தேற்றி ஜெபிப்பதற்கு; பூட்டில் இருக்க வேண்டியது. தேதி, ஆளுக்கு நீங்கள் வைத்த ஒரு குறியீடு, ஒரு வரியில் ஜெப விண்ணப்பம், நீங்கள் செய்வதாகச் சொன்னது, எந்த நாளுக்குள். இதற்கு மேல் வேண்டாம். தாம்பத்தியம், நோய், கடன் விவரம் எதுவும் எழுத்தில் ஏறக் கூடாது. பேசுகிறவர் எதிரில் பேனாவை எடுக்காதீர்கள், கை பழக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிடும். அவர் போன பிறகு எழுதுங்கள். இந்த நோட்டிலிருந்து எந்த விஷயமும் ஊர் பேர் மாற்றிக்கூடப் பிரசங்க உதாரணமாகப் போகக் கூடாது. ஐந்து குடும்பம் உள்ள சபையில் யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் போதகர்களுக்கும் விலக்கு தரவில்லை. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எடுத்த எடுப்பில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று மணி விழிப்புக்கு: படுக்குமுன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியதைத் துல்லியமாக எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட இப்படி எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விழிப்பு வந்தால் நோட்டைத் தொட வேண்டாம். தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரே ஒரு சொல். இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கல் வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு, கண் அசந்ததும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

உங்களுக்குள் இருக்கும் ஓவியன் சாக வேண்டிய அவசியமே இல்லை; பணக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 15,000 ரூபாயில் நான்கு பேர் குடும்பம் நடக்காது. வாரம் இரண்டு மூன்று நாள் ஃப்ரீலான்ஸ் வேலை எடுங்கள், பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டேதான் ஊழியம் செய்தார். எந்தெந்தக் கிழமைகள் வரையும் நாட்கள் என்பதை ஓசூர் குடும்பங்களிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஊழியத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது என்பார்கள். பாஸ்டரிடம் அந்தத் தொகை எந்த மாதம்வரை வரும், அதன்பின் பாதியாகுமா, நின்றுவிடுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய தாளை நோட்டில் ஒட்டி வைக்க வேண்டாம், மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.