எழுதப் படிக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை, நடக்க முடியாது, வலிப்பும் உண்டு. சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஓர் எழுத்துகூட எழுத முடியாத குழந்தைக்கு அங்கே என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இடம்தானே அது?

பதில்:

இதே கேள்வியை என் மாமியார் வேறு மாதிரி கேட்டார். "நாள் முழுக்க டயப்பர் மாத்தத்தானா இவ்வளவு படிச்சே?" அன்றைக்குக் கோபம் வந்தது. சிறப்புப் பள்ளி ஆசிரியராக 12 வருடம் வேலை பார்த்தபிறகு யோசித்தால், கேட்டதில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'கற்றல் குறைபாடு' என்றதும் பலருக்கு டிஸ்லெக்சியாதான் நினைவுக்கு வரும், அதாவது எழுதப் படிக்கத் தடுமாறுகிற, மற்றபடி கெட்டிக்காரப் பிள்ளை. உங்கள் அக்கா மகள் விஷயம் அது இல்லை. இங்கே பேசுவது கடுமையான அறிவுசார் குறைபாடு. அதோடு பார்வை, செவி, கை கால் அசைவு, வலிப்பு, விழுங்குவதில் சிரமம் என்று இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் 'சிக்கலான' என்ற அடைமொழி சேர்கிறது. ஒவ்வொன்றும் மற்றதைப் பெரிதாக்கும். கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் காட்சியைச் சரியாக வாங்கிக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. பத்துப் படம் ஒட்டிய சுவருக்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு எதுவுமே தெரியாது. கறுப்புத் துணியைப் பின்னால் விரித்து ஒரே ஒரு மஞ்சள் பந்தை மெல்ல அசைத்தால் தலை திரும்பும். அலங்காரம் அதிகம் உள்ள வகுப்பறையைப் பார்த்து மயங்கவேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சரி, என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? என் முதல் இரண்டு வருடம், நேர்மையாகச் சொன்னால், உருப்படியாக ஒன்றுமில்லை. ஒரு பையனுக்கு வண்ண வளையங்களைப் பிரித்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு. தினமும் செய்தான், பதிவேட்டில் தினமும் டிக் போட்டேன். ஆண்டு இறுதியில் அவன் அம்மாவிடம் அந்தப் பதிவேட்டைப் பெருமையாகக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இவனுக்குத் தாகம் எடுத்தா வீட்ல கத்துறான். தலையால முட்டுறான். தண்ணி வேணும்னு எப்படிக் கேக்குறதுன்னு சொல்லிக்கொடுத்தீங்களா?"

சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வளையங்களை அதற்கப்புறம் நான் வெளியே எடுக்கவே இல்லை.

என்னைக் கேட்டால், இந்தப் பள்ளிகளின் பாடத்திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் அதில் முதல் பாடம் 'வேண்டும்', இரண்டாவது 'வேண்டாம்', மூன்றாவது 'இன்னும்'. அதைச் சொல்வதற்கு அந்தக் குழந்தையின் உடம்பில் எந்த வழி திறந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியர் வேலை. வாயாக இருக்கலாம், கையாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம். என் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அது வலது கன்னம். கன்னத்துக்குப் பக்கத்தில் பெரிய பொத்தான் மாதிரி ஒரு ஸ்விட்சைப் பொருத்தினோம். அழுத்தினால், முன்பே பதிவு செய்துவைத்த குரல் "இன்னும்!" என்று சொல்லும். சொன்னதும் ஊஞ்சல் இன்னொரு முறை ஆடும். தன்னால் உலகத்தில் ஒன்றை அசைக்க முடியும் என்று அவளுக்குப் புரிய நான்கு மாதம் ஆனது. புரிந்த அன்றைக்கு எங்களை மூச்சுவிட விடவில்லை.

அந்த நான்கு மாதத்தில் பாதி, அவளைச் சரியாக உட்கார வைப்பதிலேயே போனது. இதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. இடுப்பு நாற்காலியில் நிலையாக இல்லை என்றால் தலை நிற்காது, தலை நிற்கவில்லை என்றால் கண் ஓரிடத்தில் நிலைக்காது, கையும் சாய்வைத் தாங்குவதிலேயே தீர்ந்துபோகும். அதனால் பிசியோதெரபிஸ்ட் வந்து இருக்கையில் ஒரு திண்டை இரண்டு அங்குலம் நகர்த்துவதும் எங்களுக்குப் பாடம்தான். சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குச் சாய்ந்த நிலையில் அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைப் பாதிக்கும். எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும், எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் சொல்வார் (பேச்சு வராத பிள்ளைக்கு அவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்). அதே நேரத்தில் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் 'இதுவா, அதுவா' என்று இரண்டைக் காட்டி, கண் எதன்மேல் போகிறது என்று பார்த்துக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் 20 முறை அந்தக் குழந்தை ஒரு முடிவு எடுத்திருக்கும். எந்தப் பாடவேளையில் இத்தனை பயிற்சி கிடைக்கும்?

நடமாடும், ஆனால் பேசாத பிள்ளைகளுக்குப் பட அட்டை முறை ஒன்று உண்டு. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இரண்டு பேர் 1985-ல் அமெரிக்காவில் உருவாக்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது தொடக்கம்தான். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது. எதிரில் ஒருவர் அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பின்னால் இன்னொருவர் வாய் திறக்காமல் குழந்தையின் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க வைப்பார். கேள்வி கேட்டுப் பழக்கினால், கேட்கும்வரை காத்திருக்கத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். பேச்சைத் தொடங்குவது அதன் வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

காத்திருப்பது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் சாதாரண வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று போதாது. காதில் விழுந்து, புரிந்து, உடம்புக்குக் கட்டளை போய், கை அசைய 15 விநாடி, சிலருக்கு அதற்கும் மேல். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள், எட்டிலேயே வாய் துறுதுறுக்கும். பத்தில் நாம் மறுபடி கேட்டுவிடுவோம். அவ்வளவுதான், பாவம் அந்தக் குழந்தை திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'எதற்குமே பதில் வருவதில்லை' என்று கோப்பில் எழுதப்பட்ட பல பிள்ளைகளுக்குப் பதில் இருந்தது. நாங்கள்தான் அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தோம்.

கோப்பு என்றதும் ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். திடீரென்று தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். 'நடத்தைப் பிரச்சினை' என்று தலைப்பிட்டு, அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று ஆறு வாரம் அட்டவணை போட்டோம். பாராட்டிப் பார்த்தோம், கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்த்தோம். கடைசியில் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது கடைவாய்ப் பல்லில் சீழ். ஆறு வாரமாக அவள் 'வலிக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அட்டவணையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

வலி இல்லாத இடத்திலும் அடிப்பதும் கடிப்பதும் பெரும்பாலும் ஒரு பேச்சுதான். எட்வர்ட் கார், மார்க் டியூரண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாடம் கடினமாக இருக்கும்போது உதவி கேட்கவும், கவனிப்பு குறையும்போது 'என்னைப் பார்' என்று சொல்லவும் கற்றுக்கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. அதனால் ஒரு பள்ளியில் 'இங்கே அடம்பிடிக்கிற பிள்ளையே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். அங்கே யாருக்கும் 'வேண்டாம்' சொல்ல அனுமதி இல்லையோ?

வேறொரு பையன் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடியபடி 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுவான். நிறுத்தத்தான் எல்லோரும் முயன்றோம். 1980-களில் பிரிட்டனில் மெலனி நிண்ட், டேவ் ஹியூவிட் ஆகியோர் வளர்த்தெடுத்த ஒரு முறை இதற்கு நேர்மாறானது. கைக்குழந்தை 'ங்கா' என்றால் அம்மாவும் 'ங்கா' என்பாள் இல்லையா, அதே மாதிரி குழந்தை செய்வதையே பிடித்துக்கொண்டு நாம் அதன் பின்னால் போவது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் 'ம்ம்ம்' என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் முனகலை நிறுத்திவிட்டு என் பக்கம் காதைத் திருப்பினான். என் முறைக்காகக் காத்திருந்தான். நான் 'ம்ம்ம்' என்றதும் சிரித்தான்.

'ஒன்றும் கற்க முடியாது' என்ற முத்திரைக்குப் பெரிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் இந்தப் பிள்ளைகள் 1971 ஏப்ரல் வரை கல்வித் துறையின் பொறுப்பிலேயே இல்லை, சுகாதாரத் துறையின் கீழ் இருந்தார்கள். 1970-ல் வந்த சட்டம்தான் எல்லாக் குழந்தையையும் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1975-ல். இன்னொன்று தெரியுமா? மரியா மாண்டிசோரி தன் முறையை முதலில் உருவாக்கியது 1900 வாக்கில் ரோமில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுடன் வேலை செய்தபோதுதான். இதார், செகென் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகச் செய்த வேலைகளிலிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதிகக் கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகளில் இருக்கும் மரக்கட்டைகளின் பூர்வீகம் எங்கள் வகுப்பறைதான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆன் டானெல்லன் என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்வி ஆய்வாளர் 1984-ல் சொன்ன ஒரு கருத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உறுதியான தகவல் இல்லாதபோது, தப்பாகப் போனாலும் குழந்தைக்குக் குறைந்த கெடுதல் தரக்கூடிய அனுமானத்தை எடுத்துக்கொள் என்பது அது. புரியும் என்று நினைத்துப் பேசுகிறோம், உண்மையில் புரியவில்லை என்றால் என்ன நஷ்டம்? புரியாது என்று நினைத்து அவள் முன்னாலேயே அவளைப் பற்றிக் கண்டபடி பேசுகிறோம், அவளுக்குப் புரிந்திருந்தால்?

எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில்தான் இருக்க வேண்டும், சிறப்புப் பள்ளியே ஒதுக்கிவைப்பது என்று வலுவான வாதம் உண்டு. 2006-ல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் உள்ளடங்கிய கல்வியைத்தான் சொல்கிறது. கொள்கையாக எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் 40 பேர் வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லாமல், கடைசி மூலையில் சக்கர நாற்காலியில் கிடப்பதை 'உள்ளடங்கியது' என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதே மூலை மோசமான சிறப்புப் பள்ளியிலும் இருக்கும். அங்கே கூடுதலாக ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் சேர்க்கும் முன் அக்காவை ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் யோசியுங்கள். அனுமதித்தால் கட்டடத்தைப் பார்க்கவேண்டாம். யாராவது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்களா? டயப்பர் மாற்றும் முன், நாற்காலியை நகர்த்தும் முன் அந்தக் குழந்தையிடம் சொல்கிறார்களா? வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிவைத்த திட்டம் இருக்கிறதா, 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்தை யார் கொடுப்பார் என்று கேட்டதும் பதில் வருகிறதா? ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கரண்டி நிற்கிறதா, அல்லது வாயைத் தேடிப் பின்னாலேயே போகிறதா?

போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போகட்டும். அவள் சந்தோஷத்தை, பசியை, வலியை வீட்டில் எப்படிக் காட்டுகிறாள், எந்தச் சத்தம், எந்த முகம், எந்தக் கை என்று அக்காவே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுத நல்ல பள்ளிக்கும் ஆறு மாதம் பிடிக்கும். அக்காவுக்கு ஒரு சாயங்காலம் போதும்.