பக்கத்துத் தொலைபேசிக்கே சில்லு அதிகம் சூடாவது ஏன்?

கேள்வி: எட்டு இணைப்புகள் கொண்ட உள்தொலைபேசி இணைப்பகம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ரிசீவரை எடுத்துப் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் அந்த இணைப்புக்குரிய சில்லு (தொலைபேசிக் கம்பிக்கு மின்னோட்டம் தரும் ஐ.சி.) விரல் வைக்க முடியாதபடி சுடுகிறது. சில வேளை பேச்சு நடுவில் அறுந்து, சற்று நேரத்தில் தானாகவே மீள்கிறது. தொலைவிலுள்ள கட்டடத்துக்குச் செல்லும் நீண்ட கம்பியில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் அருகிலுள்ள தொலைபேசியில்தான் நேர்கிறது. சில்லு பழுதாகிவிட்டதா? ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டினால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் சில்லு பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. உள் வெப்பநிலை ஏறத்தாழ 150 பாகை செல்சியசைத் தாண்டும்போது மின்னோட்டத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் தொடங்கும் பாதுகாப்பு இவ்வகைச் சில்லுகளில் வழக்கமாக உண்டு.

நீண்ட கம்பி ஏன் தப்பிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மின்வழங்கி 48 வோல்ட், சில்லு நிலையாகச் செலுத்தும் மின்னோட்டம் 25 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், செலவாகும் திறன் 1.2 வாட். தொலைபேசி தனக்கென எடுத்துக்கொள்வது சுமார் 7 வோல்ட்தான். கம்பி குட்டையாக இருந்தால், எஞ்சிய 41 வோல்ட்டும் சில்லுக்குள்ளேயே விழுந்து, ஒரு வாட் அளவுக்கு வெப்பமாகிறது. அதே மின்னோட்டம் 0.4 மி.மீ. செம்புக்கம்பியில் 3 கிலோமீட்டர் சென்றால், போகவர உள்ள சுமார் 830 ஓம் தடையில் 21 வோல்ட் கழிந்துவிடுவதால், சில்லுக்கு அரை வாட்தான் மிஞ்சும். மீதி வெப்பத்தைக் கம்பி வழிநெடுகப் பரப்பிவிடுகிறது. (ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்கிய பழைய இணைப்பகங்களில் இந்தச் சூட்டை 200 ஓம் சுருள்கள் இரண்டு தாங்கின, அவை பருத்தவை, சூடானாலும் பொருட்படுத்தாதவை.)

ஆகவே வெப்பத்தை வெளியேற்றுவதற்கு முன்னால் அதன் பிறப்பைக் குறைப்பதே முறை. மின்னோட்டத்தை 20 மில்லி ஆம்பியராகக் குறைத்தால் 0.8 வாட்டுக்குத்தான் இறங்கும். மின்னழுத்தத்தை 24 வோல்ட்டாக்கினால் 0.4 வாட்டுக்கே இறங்கிவிடும். உங்கள் சில்லில் இரண்டாவது மின்வழங்கிக்கான முனை இருக்குமானால், குட்டைக் கம்பிகளுக்கு 24 வோல்ட்டையும், நீண்ட கம்பிகளுக்கும் மணியடிப்பதற்கும் உயர் மின்னழுத்தத்தையும் அதுவே மாற்றி எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். என் பரிந்துரை இதுவே.

அந்த முனை இல்லையென்றால், மின்வழங்கிக்கும் சில்லுக்கும் இடையே 600 ஓம் தடையொன்றை வைப்பது எளிய வழி. அது 15 வோல்ட்டைத் தாங்கி 0.375 வாட்டைச் சில்லிலிருந்து பிரித்துக்கொள்ளும். ஒரு வாட் தாங்கும் தடையாகத் தேர்ந்தெடுங்கள். தடை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகவும், சில்லின் பக்கம் ஒரு மின்தேக்கியுடனும் இருக்க வேண்டும். ஒன்றையே பலவற்றுக்குப் பொதுவாக்கினால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழும். அதே முனையிலிருந்து மணி மின்னழுத்தத்தையும் உருவாக்கும் சில்லுகளில் இந்த உத்தியைக் கையாளாதீர்கள்; மணி மெலிந்துவிடும். நீண்ட கம்பியுள்ள இணைப்புக்கும் இது வேண்டாம்.

ஹீட் சிங்கைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் முதுகில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. அடியில் உலோகத் தகடுள்ள சில்லாக இருந்தால், வெப்பம் அதன் வழியாகவே மின்சுற்றுப் பலகையின் செம்புப் பரப்புக்கு இறங்குகிறது. பரப்பை அகலப்படுத்தி, பல துளைகள் மூலம் மறுபக்கச் செம்புடன் இணைப்பதே பலன் தரும். ஆனால் இங்கே பலர் இடறுகிறார்கள்: பல சில்லுகளில் அந்தத் தகடு உள்ளுக்குள் எதிர் (நெகட்டிவ்) மின்வழங்கியுடன் இணைந்திருக்கும். விவரத்தாளைப் பார்க்காமல் அதை நிலமுனைச் (கிரவுண்ட்) செம்பில் பற்றவைத்தால், மின்வழங்கியே குறுக்குச்சுற்றாகிவிடும்.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினால் பெட்டிக்குள் 8 வாட் சேர்கிறது என்பதால், காற்றுத்துளைகள் மேலும் கீழும் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாற்றம் செய்தபின், குட்டைக் கம்பித் தொலைபேசிகள் அனைத்தின் ரிசீவர்களையும் எடுத்து வைத்து, மூடியை மூடி, ஒரு மணி நேரம் கழித்து வெப்பநிலையை அளந்து பார்ப்பதே சரியான சோதனை.