பளு ஏற்றினால் அடங்கும் நடுக்கம்

கேள்வி: புது பிக்கப் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. 85 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் இருக்கைக்குக் கீழே ரீங்காரம் மாதிரி ஒரு நடுக்கம். ஸ்டீயரிங் ஆடுவதில்லை, சில்லறை போட்டு வைத்த தட்டு மட்டும் கிணுகிணுக்கிறது. பின்னால் பளு ஏற்றினால் குறைந்துவிடுகிறது. மழை பெய்தால் பின் இருக்கைக்குப் பின்னால் ஈரம் வேறு. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தார்கள். மூன்றாம் முறை ‘குறை ஏதும் தென்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு எழுதினால், ‘இது இந்த மாடலின் இயல்பு’ என்று பதில். சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய வண்டி. ஏமாந்துவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் நின்ற காலத்தில் ‘குறை தென்படவில்லை’ என்று நானும் எழுதியிருக்கிறேன். மாலை ஆறு மணி, வரிசையில் இன்னும் நாலு வண்டி. 40-இல் ஒரு சுற்று போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுவோம். 85-இல் வருகிற நடுக்கம் 40-இல் எப்படித் தென்படும்?

பளு ஏற்றினால் குறைகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. முன்சக்கரக் கோளாறு என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். உங்களுக்கு இருக்கையில் தெரிகிறது. பேலன்சிங்கும் பலன் தரவில்லை. எனக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல்தான் சந்தேகம்; இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான தண்டு அது. அது சக்கரத்தைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வது. அதனால்தான் ஆட்டமாக இல்லாமல் ரீங்காரமாகக் கேட்கிறது. நீளமான பிக்கப்களில் அந்த ஷாஃப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்க ஒரு சென்டர் பேரிங். பளு ஏறினால் பின்பக்கம் தாழும், ஷாஃப்ட்டின் கோணம் மாறும், நடுக்கமும் மாறும். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று ஏறியும் நடுக்கம் மாறவில்லை என்றால் இன்ஜின் மேல் பழி இல்லை.

‘இயல்பு’ என்பதில் பாதி உண்மை. பின் பட்டா ஸ்ப்ரிங் பளுவுக்காகவே விறைப்பாக இருக்கும். காலி வண்டி மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுவது இயல்புதான். வழவழப்பான சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்குவது இயல்பில்லை. அதே மாடலில் இன்னொரு வண்டியைக் காலியாக, அதே சாலையில், உங்களைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு கோரிக்கைக்கே பதிலின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரைக் குறிக்கும் தாளில், ‘நடுக்கம்’ என்று ஒற்றை வார்த்தையில் எழுத விடாதீர்கள். வேகம், காலியா பளுவா, எங்கே உணர்கிறீர்கள், மூன்றும் இருக்கட்டும். நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். கம்பெனிக்கு எழுதும்போது கோபத்தைக் குறைத்து, சேசிஸ் நம்பர், ஓடோமீட்டர் கணக்கு, மூன்று ஜாப் கார்டுகளின் தேதி ஆகியவற்றைச் சேருங்கள். அப்புறம் ஒரே கேள்வி: இந்தக் குறைக்கு டீலர்களுக்கு சர்வீஸ் சுற்றறிக்கை ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா? குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் என்றால் உரிமையாளருக்கே தகவல் வரும். சுற்றறிக்கை அப்படியில்லை; பட்டறையோடு நின்றுவிடும், புகார் சொல்கிறவருக்கு மட்டும் வேலை நடக்கும்.

ஈரத்தை இதைவிட அவசரமாகப் பாருங்கள். கூரையோரத்து பிரேக் விளக்கின் ரப்பர் வழியாகவோ பின்கண்ணாடி ஓரமாகவோ தண்ணீர் இறங்கலாம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டிப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே அடித்தால் எந்த ஓட்டை என்று தெரியாது. ஓட்டையை அடைத்ததோடு விடாமல், தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஓடும் வயர் இணைப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே துரு பிடித்தால் ஆறு மாதம் கழித்து வேறொரு புகாரோடு எனக்கு எழுதுவீர்கள்.