ஏரி யார் கையில் என்று முதலில் பாருங்கள்

வணக்கம். கிராம சபையில் ஏரியைத் தூர்வாரத் தீர்மானம் போட்டும், ஒன்றிய அலுவலகம் 'இது எங்கள் ஏரி இல்லை' என்று திருப்பி அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆயக்கட்டை, அதாவது ஏரி பாசனம் தரும் நிலப் பரப்பைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மேல் என்றால் தீர்மான நகலை நீர்வளத் துறை உதவி செயற்பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அப்புறம், தூர்வாருவதைவிட, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான் முக்கியம். அது அடைபட்டிருந்தால் ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வந்து சேராது. அ-பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டையும் எடுத்து, கால் போகும் ஒவ்வொரு புல எண்ணையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். 'ஏரியைச் சீரமைக்க வேண்டும்' என்ற ஒற்றை வரி கோப்பிலேயே கிடக்கும். கால் பக்கத்து ஊர் வழியாக வந்தால், மார்ச் 22 கிராம சபையில் அவர்களும் இதே தீர்மானத்தைப் போட வேண்டும்.

ஆக்கிரமிப்பை அகற்றுவதில் ஓட்டை அரசின் கொள்கையிலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை (இன்றைய நீர்வளத் துறை அப்போது அதில்தான் இருந்தது) ஏரிகளுக்காகப் போட்டது. ஒன்றியத்து ஏரி என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். சின்ன ஏரிகளையும் அந்த 2007 சட்டத்தில் சேர்க்கச் சொல்லி, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் தனி மனுவாகவே கொடுங்கள்.